நானூறு வயதுத் தொட்டி மரம்

"அண்ணே, விடுதி நினைவு, தேர்வு நினைவு எல்லாம் நிறைய வந்துடுச்சு. நீங்க தாவரவியல் ஆளு, வேற ஏதாவது எழுதுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். என் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து போன்சாய் மரங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சார், வளர வேண்டிய மரத்தை இப்படிக் கட்டிப்போட்டுக் கொடுமை பண்ணலாமா?" இதற்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போமே!

'போன்' என்றால் ஆழமில்லாத தட்டு போன்ற தொட்டி. 'சாய்' என்றால் நடுதல். பெயர் ஜப்பானுடையது, கலை பிறந்ததோ சீனாவில். தாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறை கி.பி. 706-ஐச் சேர்ந்தது. அதன் சுவரோவியம் ஒன்றில், சிறு செடியும் கற்களும் வைத்த தட்டை ஏந்தியபடி பணியாள் ஒருவர் நிற்கிறார். சீனர்கள் இக்கலையைப் 'பென்ஜிங்' என்பார்கள். அங்கிருந்து அது கடல் கடந்தது. 1309-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜப்பானியச் சுருள் ஓவியம் ஒன்றில் குட்டைத் தொட்டி மரங்களைக் காணலாம்.

ஜப்பானியர் தொட்டி மரத்தை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு 'ஹாச்சி நோ கி' என்ற பழைய நோ நாடகம் சாட்சி. பனி கொட்டும் இரவில், சொத்தை இழந்து வறுமையில் வாடும் ஒரு வீரனின் குடிசைக்கு ஒரு துறவி வருகிறார். குளிர்காய விறகில்லை. வீரனிடம் மிச்சமிருந்த செல்வம் பிளம், செர்ரி, பைன் என மூன்று தொட்டி மரங்கள்தான். மூன்றையும் வெட்டித் தீ மூட்டுகிறான்! வந்தவர் சாதாரணத் துறவி அல்லர்; நாட்டை ஆண்ட ஹோஜோ தொக்கியோரி என்பது பின்னால்தான் தெரிகிறது. நம்ம பாரி கொடிக்குத் தேரைக் கொடுத்தான். இவன் விருந்தாளிக்கு மரத்தையே கொடுத்தான்.

சரி, மரம் எப்படிக் குட்டையாகிறது? மந்திரமும் இல்லை, தனி விதையும் இல்லை. சாதாரண மரத்தின் கன்றுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒரு பகுதியை வெட்டிப் புது மண்ணில் வைக்க வேண்டும். நுனித் தளிரைக் கிள்ள வேண்டும். கிளையில் கம்பி சுற்றி மெல்ல வளைத்து, அந்த வளைவு நிலைத்ததும் கம்பியை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதே மரத்தைத் தரையில் நட்டால் மறுபடி ஓங்கி வளரத் தொடங்கிவிடும். நம் ஊரில் மதிற்சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று வருடக் கணக்கில் குட்டையாகவே நிற்கவில்லையா? இயற்கை சுவரில் செய்வதை மனிதன் தொட்டியில் செய்கிறான்.

ஆனால் ஒரு வித்தியாசம். தொட்டியில் மண் கொஞ்சம், ஈரமும் கொஞ்சம். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் மரம் போச்சு! ஆகவே போன்சாயின் வரலாறு என்பது தினமும் தண்ணீர் ஊற்றியவர்களின் வரலாறு.

1923-இல் பெரும் பூகம்பம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. அங்கிருந்த போன்சாய்த் தொழிலாளர்கள் சிலர், நல்ல மண்ணும் நீரும் தேடி, 1925-இல் வடக்கே ஓமியா என்ற இடத்தில் குடியேறி ஒரு போன்சாய்க் கிராமத்தையே உருவாக்கினார்கள். அங்கே குடியிருக்க விதிகள் போட்டார்கள்: ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது 10 போன்சாய் இருக்க வேண்டும்; மதிலுக்குப் பதில் உயிர்வேலி; மாடி கட்டக் கூடாது; வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அக்கிராமம் இன்றும் இருக்கிறது.

இனி என் மனதை உலுக்கிய வரலாறு. ஹிரோஷிமாவில் யமாக்கி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்து வந்தது. அவர்களிடம் 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்ட ஒரு வெள்ளைப் பைன் மரம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து அவர்கள் வீடு சுமார் 3 கிலோமீட்டர்தான். சன்னல்கள் நொறுங்கின, கண்ணாடிச் சில்லுகள் தெறித்தன. ஆனாலும் குடும்பத்தார் உயிர் பிழைத்தார்கள். தோட்டத்தைச் சுற்றியிருந்த சுவரின் மறைவில் மரமும் பிழைத்தது.

1976-இல் அமெரிக்காவின் 200-ஆவது சுதந்திர ஆண்டை ஒட்டி ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தது. அதில் மசாரு யமாக்கி கொடுத்ததும் ஒன்று. எந்த மரத்தை? குண்டு வீச்சுக்குத் தப்பிய அதே பைனை, குண்டு வீசிய நாட்டுக்கே! வாஷிங்டனில் உள்ள தேசியத் தாவரத் தோட்டத்தில் அது வைக்கப்பட்டது. ஹிரோஷிமாவுக்குத் தப்பியது என்ற கதை தெரியாமலே ஊழியர்கள் 25 ஆண்டுகள் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். 2001-இல் யமாக்கியின் பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. 2025-இல் அந்த மரத்தின் தொட்டி வாழ்வுக்கு 400 ஆண்டுகள் நிறைந்தன.

கொடுமை என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். கொடுமைப்பட்ட மரம் நானூறு வருஷம் தளிர் விடாது. 1625-இல் தொடங்கியவர் இன்றைய மரத்தைப் பார்க்கவில்லை. இன்று தண்ணீர் ஊற்றுபவர் அதன் முடிவைப் பார்க்கப் போவதில்லை. வாங்கினார்கள், காத்தார்கள், அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. இவ்வாண்டு ஓர் ஆலங்கன்றைத் தொட்டியில் வைத்துத் தாவரவியல் துறைக்குக் கொடுப்போம். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் அதை முதலாண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கட்டும். தம்பி, தங்கைகளே, மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் இப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க!