லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை: கணினிக்குள் நடந்த பரிணாமம்

'கறுப்பு' என்பதை 'கருப்பு' என்று எழுதினால் பொருள் மாறுவதில்லை. 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதினால் கதையே மாறிவிடும். உயிர்களின் மரபணு நகலெடுக்கப்படும்போதும் இப்படி இரண்டு வகைப் பிழைகளும் வரும். முதல் வகைக்குப் பெயர் நடுநிலை சடுதி மாற்றம்.

1968ல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது. மூலக்கூறு அளவில் நிலைத்துவிடும் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், குலுக்கல் சீட்டு மாதிரி தற்செயலாகப் பரவியவை என்றார் அவர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிங், ஜூக்ஸ் இருவரும் கிட்டத்தட்ட அதையே சொல்லி, 'டார்வினியம் அல்லாத பரிணாமம்' என்று தலைப்பும் வைத்தார்கள். (எரிகிற நெருப்பில் எண்ணெய்!) உண்மையில் கிமுரா இயற்கைத் தேர்வை மறுத்தவர் அல்ல.

சண்டை ஏன் லேசில் தீரவில்லை? கோடி வருடங்களுக்கு முன் நடந்த ஒரு மாற்றத்தால் அன்று லாபமா நஷ்டமா என்று பார்க்க, அந்த மூதாதை இன்று உயிரோடு இல்லை.

கணினிக்குள் அந்தச் சிக்கல் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் தாமஸ் ரே உருவாக்கிய 'டியர்ரா'வில், 80 கட்டளைகள் கொண்ட ஒரு குட்டி நிரல் தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகியது. 1993ல் கால்டெக்கில் அடாமி, ஒஃப்ரியா, பிரவுன் மூவரும் 'அவிடா'வைத் தொடங்கினார்கள். இங்கே நகலில் விழும் பிழைதான் சடுதி மாற்றம். தாய் நிரலையும் சேய் நிரலையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தால் போதும், மாற்றத்தின் விலை தெரிந்துவிடும்.

2003ல் லென்ஸ்கி, ஒஃப்ரியா, பென்னாக், அடாமி நால்வரும் அதைத்தான் செய்தார்கள். இரண்டு எண்களை பிட் பிட்டாக ஒப்பிட்டு எங்கெல்லாம் ஒத்துப்போகிறது என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. 50 கூட்டங்களில் 23 அதைக் கற்றுக்கொண்டன. அதில் ஒன்றின் வம்சாவளியைப் படிப்படியாக எண்ணினார்கள். மொத்தம் 111 படிகள். 45 நன்மை, 18 தீமை, மீதி 48 நடுநிலை! கடைசிப் படிக்குச் சற்று முன் வந்த தீமையான மாற்றம் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்றும் தெரிந்ததால், எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த 48ஐ அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை, பாவம்.

இத்தனைக்கும் அந்த நடுநிலைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அதே அவிடாவில் 2001லேயே வெளிவந்திருந்தது. வில்கேயும் கூட்டாளிகளும் வேகமாகப் பெருகும் நிரல்களையும் மெதுவாகப் பெருகும் நிரல்களையும் மோதவிட்டார்கள். பிழைகள் குறைவாக இருந்தவரை வேகமானவை ஜெயித்தன. பிழை விகிதத்தை ஏற்றியதும் ஆட்டம் தலைகீழானது. வேகமானவற்றில் ஒரு எழுத்து மாறினாலும் பெரும்பாலும் 'மறம்' கதைதான். மெதுவானவற்றிலோ பல பிழைகள் 'கருப்பு' மாதிரி சேதமில்லாமல் போய்விடும். கடைசியில் களத்தில் மிஞ்சியவை அந்த மெதுவானவைதான்.