பொழுதுபோக்கு பைலட் சான்றிதழ் டூ பிபிஎல்: என்ன வித்தியாசம்? இதை வச்சு வேலைக்குப் போக முடியுமா?

"சில மாதங்களில் பைலட் லைசென்ஸ்" என்ற விளம்பரங்கள் சமூக வலைதளங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே விமானி ஆகணும்னு நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா பைலட் லைசென்ஸும் ஒன்று கிடையாது.

பொழுதுபோக்கு சான்றிதழ்னா என்ன?

சின்ன விமானத்தை ஆசைக்கு ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்காக சில நாடுகள் கொடுக்கும் அனுமதி இது. அமெரிக்காவில் 1989-ல் அறிமுகமானது. குறைந்தது 30 மணி நேரம் பறந்திருந்தால் போதும். ஆனால் பகலில் மட்டுமே பறக்கலாம். கூட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். கூடுதல் பயிற்சி இல்லாவிட்டால் புறப்பட்ட விமான நிலையத்திலிருந்து 50 கடல் மைல், அதாவது சுமார் 93 கி.மீ. தாண்டக் கூடாது.

கனடாவில் இதற்கு 25 மணி நேரம். அங்கே பிபிஎல் எனப்படும் தனிநபர் விமானி உரிமத்துக்கு 45 மணி நேரம்.

ஆஸ்திரேலியாவில் வழிகாணும் பயிற்சி பெறாதவருக்கு எல்லை 25 கடல் மைல்தான், அதாவது 46 கி.மீ. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர்க்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்!

இந்தியாவில் இது உண்டா?

அமெரிக்கா போல பொழுதுபோக்குக்கென்று ஒரு சான்றிதழ் இங்கே பிபிஎல்லுக்கு முந்தைய படியாக இல்லை. இங்கே முதல் படி எஸ்பிஎல், அதாவது மாணவ விமானி உரிமம். 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்ற முடியாது. தனியாகப் பறக்கவும் பயிற்சியாளரின் அனுமதி வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கிய பொழுதுபோக்கு சான்றிதழைக் காட்டி இங்கே பிபிஎல் கேட்கலாமா? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் உரிமப் பட்டியலில் இந்த வகையே கிடையாது. அதனால் இதை பிபிஎல்லுக்குச் சமமாக நினைத்து ஏமாற வேண்டாம்.

பிபிஎல் வாங்க என்னென்ன வேண்டும்?

* வயது: 17 நிறைந்திருக்க வேண்டும்
* படிப்பு: பத்தாம் வகுப்பு
* உடல் தகுதி: டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனை
* எழுத்துத் தேர்வு: விமான விதிமுறை, வழிகாணுதல், வானிலை, இன்ஜின் பற்றிய கேள்விகள். பாஸ் மார்க் 70 சதவீதம்
* பறப்பு: குறைந்தது 40 மணி நேரம்
* நெடுந்தூரப் பறப்பு: 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கி.மீ. ஒரே பயணத்தில், இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும்
* கடைசியாக, தேர்வாளர் முன்னிலையில் பறந்து காட்டும் திறன் தேர்வு

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதற்குத் தனி உரிமம் வேண்டும். இரவில் பறக்கவும் தனித் தகுதி வேண்டும்.

உண்மையான வித்தியாசம் எங்கே?

மணி நேரக் கணக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. அமெரிக்காவில் 30-க்கும் 40-க்கும் 10 மணி நேரம்தான். ஆனால் பொறுப்பு மாறிவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டி, தெரியாத ஊரில் இறங்கி, பத்திரமாகத் திரும்பி வரணும்.

நம்ம பகுதியையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்க்கும்போது தெரிவது வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியா, பக்கத்திலேயே இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியா? கீழே இருப்பது சோழவரம் ஏரியா, புழல் ஏரியா? குழம்பிப்போய் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நேரத்தில் அந்த வான்பகுதி மூடப்படும். 'நோட்டாம்' எனப்படும் அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பவே கூடாது. மேற்கே போனால் அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி. தெற்கே சென்னை சர்வதேச விமான நிலையம்.

வரைபடம், காற்று, எரிபொருள், மேகம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு "இன்று கிளம்பலாமா, வேண்டாமா" என்று தானே முடிவெடுக்கத் தெரிந்தவருக்குத்தான் பிபிஎல்.

பிபிஎல் இருந்தா வேலை கிடைக்குமா?

கிடைக்காது. பிபிஎல் வைத்திருப்பவர் விமானம் ஓட்டுவதற்காக சம்பளமோ வாடகையோ வாங்கக் கூடாது. வேலைக்குத் தேவை சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம். இப்போதுள்ள விதிப்படி அதற்கு 18 வயது, கிளாஸ் 1 மருத்துவத் தகுதி, 200 மணி நேரப் பறப்பு, பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் தேவை.

ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பத்தாம் வகுப்பை வைத்து பிபிஎல் வரை போய்விடலாம். அதற்கு மேல் போக, அந்த இரண்டு பாடங்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதி பாஸ் ஆக வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம், சிபிஎல் வாங்க பிபிஎல் கட்டாயமில்லை. எஸ்பிஎல்லில் இருந்தே நேராகப் போகலாம். பிபிஎல்லுக்காகப் பறந்த நேரமும் வீணாகாது, 200 மணி நேரத்தில் சேரும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

1. முதலில் மருத்துவப் பரிசோதனை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வேலைதான் இலக்கு என்றால் ஆரம்பத்திலேயே கிளாஸ் 1 தகுதி கிடைக்குமா என்று பார்த்துவிடுவது நல்லது.
2. பயிற்சிப் பள்ளியின் பெயர் டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. "லைசென்ஸ்" என்று சொன்னால் எந்த லைசென்ஸ், எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆசைக்குப் பறக்க பிபிஎல் போதும். ஆனால் சம்பளத்தில் அடைத்துவிடலாம் என்று நம்பி, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து பிபிஎல் மட்டும் படிக்கப் போகிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பது நல்லது.