ஷெஃபீல்டு என்ற பெயரில் ஒரு ஜெர்மன் கத்தி

மரம் அறுக்கும் செயின்சா வாங்கப் போகிறவர் முன்னால் இன்று இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனி மெஷின். இன்னொன்றில் அதே ஆரஞ்சு நிறம், அதே வடிவம், கிட்டத்தட்ட அதே பெயர்; விலை மட்டும் பாதிக்கும் கீழே. சீனாவில் செய்தது. இரண்டாவதை வாங்கலாமா வேண்டாமா என்பது பலருக்கு உண்மையான குழப்பம். ஜெர்மன் கம்பெனிகளைக் கேட்டால், போலிகளால் எங்கள் பெயர் கெடுகிறது, வாங்குகிறவன் ஏமாறுகிறான் என்பார்கள். நியாயம்தான். ஆனால் சுமார் 140 வருடங்களுக்கு முன்னால் இதே வாதத்தை இங்கிலாந்துக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது போலி செய்தவர்கள் யார் தெரியுமா? ஜெர்மானியர்கள்!

முதலில் ஷெஃபீல்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் ஐந்து ஆறுகள் கூடும் மலைச்சரிவு ஊர். ஆற்று வேகத்தில் சக்கரம் சுற்ற, சக்கரத்தில் சாணைக்கல் சுற்ற, பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்வதே அந்த ஊரின் பிழைப்பு. 1624-ல் கத்தித் தொழிலாளர்களுக்கென்று பாராளுமன்றச் சட்டத்தின் மூலமே ஒரு சங்கம் அமைந்தது. யார் எந்த முத்திரையைக் கத்தியில் குத்தலாம் என்பதை அந்தச் சங்கம்தான் தீர்மானித்தது. அதாவது, பிராண்ட் என்ற வார்த்தை வியாபாரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பிராண்ட் இருந்தது.

1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு வேண்டும் என்று தேடப்போய், களிமண் மூசையில் எஃகை முழுதாக உருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஷெஃபீல்டின் பெயர் உலகமெங்கும் பரவ இந்த எஃகு முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க் கத்திக்காரர்கள் "இது ரொம்பக் கடினமாக இருக்கிறது" என்று முதலில் வாங்க மறுத்துவிட்டார்களாம். பிரான்ஸ்காரர்கள் அதே எஃகை வாங்கிக் கத்தி செய்து போட்டிக்கு வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்களாம். அப்புறம் ஒரு போட்டிக்காரர் பனி கொட்டும் இரவில் பிச்சைக்காரன் வேஷத்தில் ஹண்ட்ஸ்மனின் பட்டறைக்குள் புகுந்து ரகசியத்தைத் திருடிக்கொண்டு போனார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ... ஆனால் காப்பி அடிப்பது ஷெஃபீல்டுக்கும் புதிதல்ல என்று புரிகிறது.

இதில் நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்றும் உண்டு. தென்னிந்தியாவில், மைசூர், சேலம் பகுதிகளில் மூசையில் உருக்கிய எஃகை ஆங்கிலேயர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். நம்முடைய உருக்கு, கன்னடத்து உக்கு என்ற சொற்களோடு தொடர்புடைய பெயர் அது. லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஊட்ஸில் செய்த கத்தி என்று பெருமையாக விளம்பரம் செய்தவர். இவரும் மைக்கேல் ஃபாரடேயும் (மின்சாரத்துக்குப் பெயர்போன அதே ஃபாரடேதான்) 1820-ஐ ஒட்டி அந்த எஃகைப் போலவே செய்து பார்க்க ஆராய்ச்சி நடத்தினார்கள். பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஷெஃபீல்டு! அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்வது கேவலம் என்றால், அதில் தப்பித்த நாடு எதுவும் இருக்காது.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். நெப்போலியன் ஐரோப்பாவுக்குள் ஆங்கிலச் சரக்கு வராமல் தடுத்திருந்த காலம். 1811-ல் எஸ்ஸன் நகரத்தில் ஃப்ரீட்ரிஷ் க்ரூப் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். நோக்கம் ஒன்றே ஒன்று, ஆங்கில எஃகைப் போலச் செய்வது. அவர் மகன் ஆல்ஃபிரட் 1838-39-ல் பெயரை மாற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்த் தொழிற்சாலைகளை வேவு பார்த்தவர். அதே ஆல்ஃபிரட் 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் சுமார் இரண்டு டன் எடையுள்ள ஒற்றை எஃகுக் கட்டியை வைத்து ஷெஃபீல்டுக்காரர்களை வாயடைக்க வைத்தார்.

க்ரூப் உயர்ந்த ரகம். எல்லோரும் அப்படி இல்லை. வூப்பர் ஆற்றங்கரையில் சோலிங்கன் என்ற ஊர், இடைக்காலத்திலிருந்தே வாளுக்குப் பெயர் பெற்றது. நல்ல கைவினைஞர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனால் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்திலிருந்து இன்னொரு சரக்கும் மூட்டை மூட்டையாகக் கிளம்பியது. எஃகை அடித்துச் செய்யாமல், வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றிச் செய்த கத்திகள், கத்தரிக்கோல்கள். பாலீஷ் போட்டுவிட்டால் முதல் நாள் பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஒரு மாதம் காய்கறி நறுக்கினால் வண்டவாளம் தெரிந்துவிடும். சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. அப்படிப்பட்ட கத்தியின் மேல் 'ஷெஃபீல்டு' என்று குத்தி விற்றார்கள். சில சமயம் ஷெஃபீல்டின் புகழ்பெற்ற கம்பெனிகளின் பெயரையே குத்தினார்கள்.

இதைக் கடுமையாகத் திட்டிய முதல் பெரிய மனிதர் ஆங்கிலேயர் அல்ல, ஒரு ஜெர்மானியர். ஃப்ரான்ஸ் ரூலோ என்ற இயந்திரவியல் பேராசிரியர், பெர்லின் தொழிற்கல்லூரியின் தலைவர். 1876-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜெர்மனியின் பிரதிநிதியாகப் போனார். அங்கிருந்து பெர்லின் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதங்களில், தன் நாட்டுத் தொழிலின் கொள்கை மலிவு, மட்டம் என்ற இரண்டே சொல்தான் என்று போட்டு உடைத்தார். விலையைக் குறைத்துப் போட்டி போடாதீர்கள், தரத்தை உயர்த்திப் போட்டி போடுங்கள் என்பது அவர் வாதம். தேசத்துரோகி என்று கூட ஏசினார்கள். பிறர் சொன்னால் பொறாமை என்று தள்ளிவிடலாம், நம்மவரே சொன்னால் என்ன செய்வது?

ஷெஃபீல்டுக்காரர்களின் புகார் ஒருவழியாக 1887-ல் சட்டமானது. அந்த ஆகஸ்ட் மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சரக்கு முத்திரைச் சட்டத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டுச் சரக்கு எல்லாவற்றிலும் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்ன சட்டம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது சரியில்லை. சட்டத்தில் ஜெர்மனி என்ற பெயரே கிடையாது. பிரிட்டிஷ் சரக்கு என்று எண்ண வைக்கும் பெயரோ முத்திரையோ ஒரு வெளிநாட்டுச் சரக்கில் இருந்தால், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பதுதான் விதி. பொய் முத்திரை குத்தினால் இரண்டு வருடம் வரை ஜெயில். தடையற்ற வாணிபத்தை வேதமாக நினைத்த நாடு என்பதால், இறக்குமதி வரி போடும் எண்ணம் இல்லை. 'மேட் இன் ஜெர்மனி' என்று பார்த்தாலே ஜனங்கள் கீழே வைத்துவிடுவார்கள் என்று நம்பினார்கள்.

இங்கே சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பொய்யை ஜெர்மானியர்கள் தனியாகச் செய்யவில்லை. ஆங்கில மொத்த வியாபாரிகளே ஆர்டர் கொடுத்து, இன்ன பெயரைக் குத்தி அனுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஷெஃபீல்டிலேயே சிலர் ஜெர்மன் சரக்கை வரவழைத்துத் தங்கள் பெயரில் விற்றார்கள். மலிவாக வாங்கி விலையேற்றி விற்ற லாபம் இவர்கள் பைக்குத்தான் போனது.

அப்படியானால் அந்தக் கத்தியை வாங்கியவர் நஷ்டப்பட்டாரா? கணக்காகப் பார்ப்போம். நல்ல கத்தி பத்து ஷில்லிங், இருபது வருடம் உழைக்கும். மட்டக் கத்தி இரண்டு ஷில்லிங், இரண்டு வருடம் உழைக்கும் (இது உதாரணக் கணக்குதான்). வருடத்துக்கு நல்ல கத்திக்கு அரை ஷில்லிங், மட்டக் கத்திக்கு ஒரு ஷில்லிங். ஆக, மலிவுதான் விலை அதிகம். ஆனால் கையில் இரண்டு ஷில்லிங் மட்டுமே வைத்திருக்கும் கூலிக்காரர் வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு வேண்டியது இன்றைக்கு நறுக்க ஒரு கத்தி. அதனால் மட்டச் சரக்கு விற்றது குற்றமல்ல. மட்டச் சரக்கை நல்ல சரக்கின் பெயரில், அதைவிடக் கொஞ்சம் மட்டும் குறைந்த விலைக்கு விற்றதுதான் குற்றம். இரண்டு ஷில்லிங் கத்திக்கு எட்டு ஷில்லிங் கொடுத்தவர்தான் உண்மையில் ஏமாந்தவர்.

எது அசல் என்று வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கு உரிய விலை கொடுக்க ஆள் இருக்காது, நல்ல பொருள் மெல்ல மெல்ல விலகிப்போகும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். 2001-ல் நோபல் பரிசு பெறும் வரை அவருக்குப் புகழ் தேடித் தந்த கட்டுரை அது. ஷெஃபீல்டு கத்திக்காரர் அனுபவத்தில் உணர்ந்ததும் அதுவேதான்.

சட்டம் என்ன செய்தது? நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. எல்லா ஜெர்மன் சரக்கும் மட்டமாக இருந்திருந்தால் அந்த முத்திரை பழிச்சொல்லாகவே நின்றிருக்கும். ஆனால் வருடத்துக்கு வருடம் சரக்கு தேறிக்கொண்டே வந்தது. சோலிங்கனில் நீராவி இயந்திரமும் அச்சில் அடித்துச் செய்யும் முறையும் வேகமாகப் பரவின. ஷெஃபீல்டோ சின்னச் சின்னப் பட்டறைகளில் கையால் அடிப்பதையே பெருமையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெருமையின் இன்னொரு பக்கம் பரிதாபமானது. சாணைக்கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு, முப்பதுகளிலேயே செத்துப்போன சாணைத் தொழிலாளர்கள் அங்கே ஏராளம். அதற்கு மேல் 1890-ல் அமெரிக்கா மெக்கின்லி வரியைப் போட்டது. ஷெஃபீல்டின் மிகப் பெரிய சந்தை கைநழுவியது. (அந்த அமெரிக்கச் சட்டமும் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது.)

பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அதுவரை லண்டனிலிருந்து வருவதெல்லாம் பிரிட்டிஷ் சரக்கு என்று நம்பிய வெளிநாட்டு, காலனி நாட்டுக் கடைக்காரர்கள், முத்திரையைப் பார்த்ததும் இது எங்கே செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். நடுவில் லண்டன்காரன் எதற்கு, ஜெர்மனிக்கே நேராக எழுதுவோம் என்று சிலர் ஆரம்பித்தார்கள். செலவில்லாமல் விலாசம் கொடுத்தது பிரிட்டிஷ் சட்டம்! இந்தியாவுக்கும் இதே பாணியில் 1889-ல் ஒரு சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது.

1896-ல் எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 'மேட் இன் ஜெர்மனி' என்றே பெயரிட்டு ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலேயன் வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஜெர்மன் பொருள் என்று பதறினார். மட்டச் சரக்கைக் கண்டு யாரும் அப்படிப் பதற மாட்டார்கள். முதல் உலகப் போருக்கு முன்பே கத்தி ஏற்றுமதியில் சோலிங்கன் ஷெஃபீல்டை முந்திவிட்டது.

இனி அந்தச் செயின்சாவுக்கு வருவோம். தன் சொந்தப் பெயரோடு, எங்கே செய்தது என்று சொல்லிக்கொண்டு, உதிரி பாகம் கிடைக்கும் இடத்தையும் காட்டி வரும் மலிவு மெஷினை, வருடத்துக்கு நாலு நாள் வேலைக்கு வாங்குவதில் தவறில்லை. அந்த இரண்டு ஷில்லிங் கத்தியைப் போல, கொடுத்த காசுக்கு உழைத்தால் போதும். ஸ்டில் என்று பொய்ப்பெயர் போட்டு வருவதை வாங்கக் கூடாது; பெயரிலேயே பொய் சொன்னவன் உள்ளே இருக்கும் பிரேக்கைப் பற்றி மட்டும் உண்மை சொல்வானா? மட்டக் கத்தி மழுங்கும், அவ்வளவுதான். செயின்சாவின் நுனி மரத்தில் பட்டு மெஷின் பின்னால் எகிறும்போது செயின் பிரேக் பிடிக்காவிட்டால் முகமோ கையோ போகும்.

சோலிங்கன் என்ன ஆனது? 1938-ல் 'சோலிங்கன்' என்ற பெயரைக் காப்பதற்கே ஜெர்மனியில் தனிச் சட்டம் வந்தது. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் போடக் கூடாது. 1977-ல் ரீடோ பூஸ்ஸ என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர், தான் வடிவமைத்த தராசை ஒரு ஹாங்காங் கம்பெனி அப்படியே காப்பியடித்திருப்பதை ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பார்த்தார். கொதித்துப்போய், மோசமான காப்பிகளுக்கென்று ஒரு கேலிப் பரிசை ஆரம்பித்தார். பரிசு, தங்க மூக்கு வைத்த ஒரு கறுப்புக் குள்ளன் பொம்மை. அப்படிப் பரிசு பெற்ற போலிகளை அசலோடு ஜோடி ஜோடியாக வைத்து 2007-ல் ஒரு மியூசியமும் திறந்தார்கள். அது இருக்கும் ஊர், சோலிங்கன்.