நின்ற உதிரம் திரும்பிய வரலாறு

1932, 33-ஆம் ஆண்டுகளில், பெர்லின் நகரத்துச் சாரிதே வைத்தியசாலையில் கார்ல் காஃப்மன் என்னும் இளம் மருத்துவர், சினைப்பைகள் அகற்றப்பட்டமையால் மாதவிடாய் அடியோடு நின்றுபோன ஸ்திரீகளுக்கு முதலில் ஈஸ்ட்ரோஜனைப் பெரிய அளவில் செலுத்தி, அதன்பின் சினைப்பையில் தோன்றும் மஞ்சள் கோளத்தின் ஹார்மோனையும் செலுத்தியபோது, அவர்களுக்கு மறுபடியும் உதிரம் கண்டது. சினைப்பை இல்லாத உடலிலும் அதன் காரியத்தை மருந்தினால் நடத்திவிடலாம் என்பதற்கு அவ்வுதிரமே பிரத்தியட்ச நிரூபணமாயிற்று. இன்றோ, ஐம்பது வயதைக் கடந்து, உடற்சூடும் உறக்கமின்மையும் தாளாமல் ஹார்மோன் சிகிச்சையை மேற்கொண்ட ஒரு பெண்மணி, இரண்டாம் மாதத்தில் துணியில் ஒரு கறையைக் கண்டதும் நெஞ்சம் பதைத்து மருத்துவரிடம் ஓடுகிறாள், மருத்துவரும் நிதானமாக, "மருந்து ஆரம்பித்து எத்தனை மாதமாயிற்று?" என்று கேட்கிறார். பெர்லினில் வெற்றியாகக் கொள்ளப்பட்ட உதிரம் அச்சத்துக்குரியதாக மாறியதும், அவ்வச்சத்தைத் தெளிவிக்க மாதக் கணக்கு ஒன்று ஏற்பட்டதும் எவ்வாறு என்பதே இங்கே சொல்ல வந்த விஷயம்.

ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த கதை பலரும் அறிந்தது, விரைந்து கடக்கலாம். 1923-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றியின் சினைப்பை நீரில் ஈஸ்ட்ரோஜனின் இருப்பைக் காட்டினர். 1929-இல் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்ட்டும் தனித்தனியே அதைத் தூய வடிவில் எடுத்தனர். 1934-இல் மஞ்சள் கோளத்தின் ஹார்மோனாகிய புரோஜெஸ்டிரோனும் அகப்பட்டது. இதற்கிடையே ஆலன் பெண் குரங்குகளில் கண்ட ஒரு செய்தி நம் கதைக்கு மிக முக்கியமானது: சினைப்பை நீக்கப்பட்ட குரங்குக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து வந்து திடீரென்று நிறுத்தினால், நிறுத்திய சில நாட்களில் உதிரம் கண்டது. அதாவது ஹார்மோன் வருவது மட்டுமன்றி, அது விலகுவதும் உதிரத்துக்குக் காரணமாகும்.

விலகும்போது உள்ளே நடப்பது என்ன என்பதை நேரே கண்டவர் மார்க்கீ என்னும் ஆராய்ச்சியாளர். ரீசஸ் குரங்கின் கருப்பை உட்படலத்திலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் ஒட்டவைத்து, விழியின் தெளிந்த படலத்தையே ஜன்னலாகக் கொண்டு மாதந்தோறும் நோக்கினார். ஹார்மோன் குறைந்தவுடன் துணுக்கு சுருங்குவதையும், சுருள் சுருளான சிறு தமனிகள் இறுக மூடிக்கொள்வதையும், பின்பு அவை மீண்டும் திறக்கும்போது உதிரம் கசிவதையும் தம் கண்ணாலேயே கண்டு, 1940-இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். அந்தக் குரங்குகளின் கண்கள் மருத்துவத்துக்குக் கொடுத்த பாடத்தை எண்ணும்போது சற்று மனம் கூசுகிறது. எனினும் அப்பாடம் அழியாதது.

ஆராய்ச்சி இவ்வாறிருக்க, 1938-இல் லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் மலிவான செயற்கை ஈஸ்ட்ரோஜனாகிய ஸ்டில்பெஸ்ட்ராலைத் தயாரித்தார். 1941-இல் கனடாவில், கர்ப்பமுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட பிரிமரின் மாத்திரை விற்பனைக்கு வந்து, மறு ஆண்டே அமெரிக்காவிலும் புகுந்தது. அக்காலத்து மருத்துவர்கள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஒன்றை மட்டுமே, மூன்று வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, அளித்து வந்தனர். ஈஸ்ட்ரோஜனின் வேலை கருப்பை உட்படலத்தை வளர்ப்பது. அதைப் பக்குவப்படுத்தி, ஒழுங்காக உதிர்ந்து விழச் செய்வது புரோஜெஸ்டிரோனின் வேலை. முன்னது மட்டும் இருந்தால், முட்டுக்கொடுக்காமல் உயர்த்திக்கொண்டே போகும் மண்சுவர் அங்கங்கே சரிவதைப் போல, படலம் தடித்து, நினையாத நாட்களில் நினையாத இடங்களில் உதிர்ந்து கசியும். கசிந்தபோதெல்லாம் கருப்பையைச் சுரண்டிப் பார்க்கும் 'டி அண்டு சி' செய்து, ஒன்றுமில்லை என்று கூறி அனுப்புவது வழக்கமாயிற்று.

1966-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் 'ஃபெமினின் ஃபாரெவர்' என்னும் நூலை வெளியிட்டு, மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜனே அதற்குப் பரிகாரம் என்று பிரசாரம் செய்தபின், மாத்திரை விற்பனை பெருகியது. ஸ்திரீகளின் முதுமையைப் பற்றி அந்நூல் எழுதும் தோரணை இன்று படிப்பவர்க்கு அருவருப்பூட்டும். 1975 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டின் ஒரே இதழில் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டவர்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஸியாட்டில் ஆய்வில் நாலரை மடங்காகவும், லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில் ஏழரை மடங்குக்குச் சற்று அதிகமாகவும் காணப்பட்டது. இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அப்புற்றுநோய் தன் வருகையை அறிவிக்கும் முதல் அடையாளம், பெரும்பாலும், எதிர்பாராத உதிரப்போக்கே. அதே உதிரத்தை மருந்தும் தன் இயல்பான செயலாக உண்டாக்குமாயின், எச்சரிக்கை எது, வெறும் சலனம் எது என்று எங்ஙனம் பகுப்பது? தன் அபாயத்தின் அறிகுறியைத் தானே போலியாகக் காட்டும் சிகிச்சை மருத்துவத்தில் மிக அரிது.

விடை புரோஜெஸ்டிரோனைச் சேர்த்துக்கொள்வதில் கிடைத்தது. எத்தனை நாள் சேர்ப்பது என்னும் கேள்வியை லண்டனில் மால்கம் வைட்ஹெட்டும் அவர் சகாக்களும் பொறுமையாக ஆராய்ந்தனர். ஏழு நாள் போதாது, பத்து நாள் நன்று, பன்னிரண்டு நாள் உத்தமம் என்னும் முடிவு படிப்படியாக உருவாயிற்று. 1986-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை என்னை மிகவும் கவர்ந்தது. மாதந்தோறும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி, பதினோராம் நாளிலோ அதன் பின்னரோ உதிரம் கண்டால் படலம் நன்கு பக்குவமடைந்திருந்தது. அதற்கு முந்தியே கண்டால் மருந்தின் அளவு போதாமல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு பெண்ணும் தன் நாட்காட்டியில் இடும் ஒரு குறியே, கத்தியும் குழலும் இல்லாமல், அளவு சரியா என்று சொல்லிவிடக்கூடும். அதுவரை சுரண்டியறிந்ததை எண்ணியறிய வைத்த அக்கட்டுரை, இத்துறையின் பெரிய ஆரவாரங்கள் பலவற்றையும்விட மதிக்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்த ஒழுங்கான மாதாந்தர உதிரத்தை ஸ்திரீகள் விரும்பவில்லை. முப்பத்தைந்து, நாற்பது வருஷம் சுமந்த தொல்லை நின்றதே என்று ஆறுதலடைந்தவர்களை அறுபதாம் வயதில் மறுபடியும் சுமக்கச் சொன்னால், எத்தனை பேர் உடன்படுவர்? பலர் மருந்தையே கைவிட்டனர். ஆகையால் 1980-களில் வேறொரு முறை எழுந்தது: இரண்டு ஹார்மோன்களையும் இடைவெளியின்றி நாள்தோறும் சேர்த்துக் கொடுத்து, படலம் வளரவே இடமளிக்காமல் மெலியவைத்து, உதிரத்தையே ஒழித்துவிடுவது. கருதியது பெரும்பாலும் நிறைவேறிற்று. ஆனால் உடனே அன்று. படலம் மெலிந்து அமைதியடையும் வரையில், அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழந்து, சிலநாள் துளியாகவும் சிலநாள் திட்டுத்திட்டாகவும் கசிந்தன. நாளும் வேளையும் இல்லாத இக்கசிவே, இன்று சிகிச்சையின் முதல் மாதங்களில் பெண்களைத் திகைக்கவைக்கும் உதிரப்போக்கு. சொந்தச் சினைப்பை இன்னும் முற்றிலும் ஓயாதவர்களுக்கு, உள்ளிருந்து வரும் ஹார்மோனும் வெளியிலிருந்து வருவதும் ஒன்றோடொன்று மோதுவதால், அது இன்னும் மிகுதி. ஆகவேதான் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டு கழிந்தவர்களுக்கே இம்முறை என்று விதி வகுத்தனர்.

ஹார்மோன்களின் விகிதமே கசிவை ஆளுகிறது என்பதைக் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்கள் 1950-களிலேயே கண்டிருந்தனர். அம்மாத்திரையில் அசுத்தமாகக் கலந்திருந்த சிறிதளவு ஈஸ்ட்ரோஜனை நீக்கித் தூய்மைப்படுத்தியபோது இடையுதிரம் அதிகரிக்கவே, அந்த அசுத்தத்தைத் திட்டமிட்டே மறுபடியும் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் மூன்றாண்டு நடந்த 'பெப்பி' என்னும் ஹார்மோன் சிகிச்சைப் பரிசோதனையின் முடிவு 1996-இல் வெளியானபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோருக்குக் கருப்பைப் படலம் மிகைப்பட வளர்ந்திருந்தமையும், இரண்டும் சேர்த்து உட்கொண்டவர்கள் மருந்தில்லா மாத்திரை உண்டவர்களைப் போன்றே இருந்தமையும் ஐயமற விளங்கின. 2002-இல், வேறு காரணங்களுக்காக நடுவில் நிறுத்தப்பட்டு உலகெங்கும் பரபரப்பை மூட்டிய 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' பரிசோதனையிலோ, நம் விஷயத்துக்குரிய ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. யார் மருந்து உண்கிறார், யார் வெறும் மாத்திரை உண்கிறார் என்று எவரும் அறியலாகாது என்பதே இத்தகைய பரிசோதனையின் உயிர்நிலை. ஆயினும் மருந்துண்ட 8,506 பேரில் 3,444 பேருக்கு உதிரப்போக்கைக் கவனிப்பதற்காக மருத்துவமனையின் பெண்நோய் நிபுணரிடம் அந்த இரகசியத்தை வெளிப்படுத்த நேர்ந்தது. வெறும் மாத்திரை உண்ட 8,102 பேரில் அவ்வாறு நேர்ந்தது 548 பேருக்கே. விஞ்ஞானம் கட்டிய திரையை உதிரம் கிழித்துவிட்டது.

இவ்வளவுக்கும் பின் இன்று நிலைபெற்றிருக்கும் வழக்கம் சுருக்கமானது. முதல் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தோன்றும் சிறு கசிவு எதிர்பார்க்கத்தக்கது. அதிகமாகப் பெருகினாலும், ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தாலும், நின்று சில காலம் சென்றபின் புதிதாகத் தலைகாட்டினாலும், அல்லது அப்பெண்ணுக்குப் புற்றுநோய்க்கான வேறு ஏதுக்கள் இருந்தாலும், காத்திராமல் பரிசோதிக்க வேண்டும். 1995-இல் வட ஐரோப்பிய நாடுகளில் 1,168 பெண்களிடம் நடத்திய ஆய்வு, யோனிவழி ஸ்கேனில் படலம் 4 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் புற்றுநோய் மிக அரிது என்று காட்டியதிலிருந்து, கத்திக்கு முன் ஸ்கேன் என்பதும் விதியாயிற்று. பிரிட்டனில் இச்சிகிச்சையை மேற்கொள்வோர் தொகை ஏறியபின், உதிரம் கண்டு புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் அவசரமாக அனுப்பப்படுவோர் கூட்டமும் ஏறி, அவர்களில் மிகப் பெரும்பாலோர் புற்றுநோயற்றவராகத் திரும்பவே, 2024-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி அளவுகோலை மறுபடியும் வகுத்தன. நாள்தோறும் இரண்டு ஹார்மோனையும் உட்கொள்பவருக்கு 4 மில்லிமீட்டர் வரையில் கவலையில்லை. மாதாந்தரம் உதிரம் காணும் முறையைக் கைக்கொண்டவருக்குப் படலம் இயல்பாகவே தடித்திருக்குமாதலால், 7 மில்லிமீட்டரை எட்டும் வரையில் பொறுத்துப் பார்க்கலாம்.