வாவியின் தூய்மையும் தொழிலகங்களின் சட்டக் கடமையும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் பொதுவான சொத்தாகும். ஏறாவூர், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இவ்வாவியை அண்டியே அமைந்துள்ளன. ஓர் ஊரார் விடும் கழிவு மற்றோர் ஊராரின் வலையில் விழும் மீனைப் பாதிக்கும். ஆகவே தொழிலகக் கழிவு பற்றிய கேள்வி, அனைவரதும் வாழ்வாதாரம் பற்றிய கேள்வியாகும்.

வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கின்றது. மழையற்ற மாதங்களில் மணல் திட்டு இவ்வாய்களை அடைத்துவிடுவதால் நீரோட்டம் குன்றி, வாவியில் சேரும் கழிவு அங்கேயே தங்குகின்றது. அக்கழிவு நஞ்சாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறவைத்த நீர் தீங்கற்றதாகவே தோன்றும். எனினும் அதிலுள்ள மாப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. ஒட்சிசன் குறைந்த நீரில் மீனும் இறாலும் வாழ இயலாது.

1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை அமைக்கப்பட்ட காலத்தில் இவற்றை முழுமையாக ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் இருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமே மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு வழிவகுத்தது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் கொண்டுவந்தது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானி, தொழில்களை அவை மாசுபடுத்தும் அளவுக்கேற்ப மூன்று வகுப்புகளாக்கி, சிறு தொழில்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு வெளியான நியமங்களின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை பொதுவாக லீற்றருக்கு 30 மில்லிகிராமை விஞ்சலாகாது.

உரிமம் பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. காலாவதியாகுமுன் அதைப் புதுப்பித்தல், மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் வேறாக்குதல், சுத்திகரிப்பு நிலையத்தை இடைவிடாது இயக்குதல், அதில் எஞ்சும் சேற்றை முறையாக அகற்றுதல், நீரைக் குறித்த காலத்தில் பரிசோதித்துப் பதிவுகளைப் பேணுதல் ஆகியனவும் அவசியமாகும். பரிசோதனை நாளன்று மட்டும் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் வாவியைக் காக்காது.

அசட்டையின் விலையைச் சுன்னாகம் உணர்த்தியது. அனல் மின் நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவினால் நிலத்தடி நீர் மாசடைந்தது தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களின் தவறுகளையும் அது சுட்டிக்காட்டியது. ஆயினும் இழப்பீட்டினால் கெட்ட கிணற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வாவிக்கும் இது பொருந்தும்.

ஏறாவூர்ப் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டுள்ள இக்காலத்தில் இப்பாடம் மேலும் முக்கியமாகின்றது. சாயமிடும் தொழிலுக்குப் பெருமளவு நீர் தேவை. அதன் கழிவைச் சுத்திகரிப்பதும் எளிதன்று. எமது இளைஞருக்கு வேலைவாய்ப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு விலையாக மீனவரின் தொழிலைக் கொடுக்கலாகாது.

மக்களுக்கும் சட்டம் வழி வைத்திருக்கின்றது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் வெளியாகி 30 நாள்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். பொதுத்தொல்லையை அகற்றுமாறு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானின் கட்டளையை நாடலாம். கோவில் நிர்வாகங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் இவ்வுரிமைகளை ஒன்றுகூடிப் பயன்படுத்துமாயின், வாவி அடுத்த தலைமுறைக்கும் சோறிடும்.