சைனாடவுனில் குடிகளும் பிரதிநிதிகளும்: ஒரு நகர மையம் பேணப்பட்ட முறை

1. ஆய்வுப் பொருள்

சிங்கப்பூரின் சைனாடவுனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கடைவீடுகளைப் பற்றியே எழுதுகிறார்கள். இக்கட்டுரை அங்கே குடியிருப்பவர்கள், கடை நடத்துபவர்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் ஆகிய மூன்று தரப்பாரைப் பற்றியது. நகர மையம் ஒன்றைச் சீர்படுத்தும் வேலையில் இவர்கள் எந்தக் கட்டத்தில் கூடிப் பேசினார்கள்? வரைபடம் போடும் முன்பா, போட்ட பிறகா? சைனாடவுனில் எது வேரூன்றியது, எது மேற்பூச்சாக நின்றது என்பதை இந்த முன்பின் வேறுபாடே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது என்பது என் துணிபு.

ஆய்வின் களம் சைனாடவுனின் கிரேத்தா ஆயர் வட்டாரம். ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டம் சீனர்களுக்கென ஒதுக்கிய பகுதி இது. ஆனாலும் தமிழருக்கு இங்கே தொடக்கம் முதலே வேர் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் 1827-ஐச் சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னதாக, கோரமண்டல் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் அதே சாலையில் ஜாமியா பள்ளிவாசலை நிறுவினார்கள். பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் என்ற மூன்று தெருக்களும் இவ்விரண்டு வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றவை. ஆகவே சைனாடவுன் எப்படிச் சீர்படுகிறது என்பது தமிழருக்கும் சொந்தமான கேள்வி.

2. பொறுப்பு யாரிடம்

சிங்கப்பூரில் இன்று மாநகராட்சி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1957 டிசம்பரில் அதன் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானார். 1959-இல் தன்னாட்சி வந்ததும் மாநகராட்சியின் பணிகள் அரசின் கைக்குப் போயின. ஒரு தெருவின் சாக்கடைக்கும் விளக்குக்கும் பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர் என்று ஒருவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த காலம் அத்தனை குறுகியது.

1988-இல் நகர மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நாடாளுமன்ற உறுப்பினர்களே நகர மன்றத்தை நடத்துகிறார்கள். அவர்களோடு நியமன உறுப்பினர்களும் அமர்கிறார்கள். அந்த நியமன உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லையிலுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். மாதந்தோறும் குடும்பங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் பொது நடைபாதை, மின்தூக்கி, புளோக்கின் வெளிச்சுவர்ச் சாயம், துப்புரவு எல்லாம் நடக்கின்றன. கிரேத்தா ஆயரின் வீவக புளோக்குகளையும் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தையும் ஒரே ஜாலான் புசார் நகர மன்றம்தான் கவனிக்கிறது. இதை வெளியூர் வாசகர்கள் அதிகம் அறியமாட்டார்கள். சீனப் புத்தாண்டுச் சந்தையின் குப்பையும் தீபாவளிக் கூட்டத்தின் குப்பையும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் வருகின்றன.

ஆனால் நகர மன்றத்தின் அதிகாரம் புளோக்கின் ஓரத்தில் நின்றுவிடும். அதைத் தாண்டினால் சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது. கடைவீட்டின் முகப்பு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. உணவுக்கடை உரிமமும் பயணிகளுக்கான திட்டங்களும் வெவ்வேறு வாரியங்களின் பாடு. இந்தச் சிக்கல் நாடு முழுவதற்கும் பொது. 2014-ஆம் ஆண்டின் தேசிய தினப் பேரணி உரையில், நடைபாதையில் கிடந்த ஒரு மீனுருண்டைக் குச்சியை எடுப்பது யார் பொறுப்பு என்ற கதையை அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் எடுத்துக் காட்டினார். அவ்வாண்டே நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைந்தது. எனவே கிரேத்தா ஆயரின் நாடாளுமன்ற உறுப்பினர் உத்தரவிடுபவர் அல்லர். பல வாரியங்களை ஒரு மேசைக்கு அழைத்து வருபவர். அந்த மேசையில் குடியிருப்பவருக்கு நாற்காலி இருக்கிறதா என்பதைத்தான் இனி ஒவ்வொரு காலகட்டத்திலும் பார்க்க வேண்டும்.

3. தெருவிலிருந்து கட்டடத்துக்கு

1950-களின் நடுவில் பாரிங்டன் கே என்ற சமூகவியலாளர் அப்பர் நான்கிங் ஸ்திரீட்டில் வீடு வீடாக ஆய்வு நடத்தினார். கடைவீடுகளின் மேல்தளங்கள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமோ பல தொழிலாளர்களோ அடைந்து கிடந்ததை அந்த ஆய்வு பதிவு செய்தது. 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைகள் நகர நடுவிலேயே வாழ இடம் கொடுத்தது. ஆனால் வாடகை ஏறாத வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரே சட்டத்தின் விளைவுகள்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் சைனாடவுன் மக்கள் புதிய பேட்டைகளுக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். தெருவோர அங்காடிக்காரர்களுக்காக ஸ்மித் ஸ்திரீட்டில் 1983-இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் திறக்கப்பட்டது. நிலவறையில் ஈரச்சந்தை, தரைத்தளத்தில் துணிமணிக் கடைகள், மேலே 200-க்கு மேற்பட்ட உணவுக்கடைகள், அதற்கும் மேலே வீடுகள். இடமாற்ற முடிவு மேலிருந்து வந்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் விற்றவர் நடந்துபோகும் தூரத்திலேயே கடை பெற்றார். இடம் மாற்றப்பட்டவர்களுக்குச் சலுகை வாடகையும் கிடைத்தது. வாடிக்கையாளர் தலைக்கு மேலேயே குடியிருந்தார். இன்று சைனாடவுனில் காலை ஆறு மணிக்கு உள்ளூர்க்காரர் கூட்டம் பார்க்க வேண்டுமானால் அந்த நிலவறைச் சந்தைக்குத்தான் போக வேண்டும். சாயம் பூசி மின்னும் பகோடா ஸ்திரீட்டில் அந்நேரம் அந்தக் கூட்டம் இராது.

1959 முதல் 1984 வரை கிரேத்தா ஆயரின் உறுப்பினர் கோ கெங் சுவீ. நாட்டின் நிதியையும் பாதுகாப்பையும் கவனித்த அமைச்சர் என்றே அவரை அறிகிறோம். அவருடைய தொகுதியில் 1969-இல் மக்கள் அரங்கம் திறக்கப்பட்டது. சீனக் கூத்து மேடையேறும் ஓர் அரங்கம் அங்கே வாழ்ந்த முதியவர்களுக்கு எத்தகைய துணை என்பதை நகரமைப்பு வல்லுநர்கள் பெரும்பாலும் கணக்கிடுவதில்லை.

4. பாதுகாப்பும் அதன் விலையும்

1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கட்டடங்கள் பிழைத்தன; இது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் முகப்பைக் காத்த விதி உள்ளே வாழ்ந்தவரைக் காக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001-இல் முற்றாக நீங்கியது. பழைய குடித்தனக்காரர்களும் சிறு தொழில்களும் போன இடத்தில் அலுவலகங்களும் நினைவுப்பொருள் கடைகளும் வந்தன.

1998-இல் பயணத்துறைக் கழகம் 97.5 மில்லியன் வெள்ளியில் சைனாடவுனைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு உடனே எழுந்தது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம், வாழும் ஊரை அலங்காரப் பூங்காவாக்காதீர்கள் என்ற பொருளில் வாதாடியது. பின்னர் அவ்வாதங்களை நூலாகவும் வெளியிட்டது. பொதுக் கலந்துரையாடல்கள் நடந்து, திட்டத்தில் திருத்தங்கள் வந்தன. அந்த விவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அமைதியாகத் தலையாட்டும் ஊர் என்ற பெயரைச் சிங்கப்பூர் அன்று பொய்யாக்கியது. ஆயினும் அந்த உரையாடல் திட்டம் அச்சான பிறகே நடந்தது. அப்படிப்பட்ட நிலையில் குடிமக்களால் ஒன்றைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும், புதிதாக ஒன்றை முன்வைக்க முடிவதில்லை. 2001-இல் ஸ்மித் ஸ்திரீட்டில் உணவுத் தெரு வந்தது. 2014-இல் அதற்குக் கூரை வேய்ந்து மீண்டும் திறந்தார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் காம்ப்ளெக்ஸின் மேல்தளத்துக்கோ எப்போதும்போல் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

5. விழாக்கால நிர்வாகம்

ஆண்டுதோறும் கூடிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தால் கூட்டு முயற்சி பழக்கமாகிவிடுகிறது. சீனப் புத்தாண்டு விளக்கலங்காரத்தை நடத்துவது கிரேத்தா ஆயர்-கிம் செங் குடிமக்கள் ஆலோசனைக் குழு. அதில் இருப்பவர்கள் வட்டாரத் தொண்டூழியர்கள். தொகுதி உறுப்பினர் ஆலோசகர். வடிவமைப்பில் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்காரத்துக்கு இதே இடத்தில் நிற்பது லிஷா என்று நாம் அறிந்த வணிகர், மரபுடைமைச் சங்கம்.

இவ்விரு வட்டாரங்களையும் ஒரே இரவில் இணைப்பது தீமிதி. ஐப்பசியில் பக்தர்கள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலின் பூக்குழியை அடைகிறார்கள். இந்து அறக்கட்டளை வாரியம், காவல்துறை, போக்குவரத்து ஆணையம், தொண்டூழியர்கள் என்று பல கைகள் சேர்ந்தாலன்றி இது நடக்காது. சவுத் பிரிட்ஜ் சாலையின் தடங்கள் மூடப்படும்போது அண்டைச் சீனக் கடைக்காரர்களின் இசைவும் தேவைப்படுகிறது. இங்கே உரையாடல் நிகழ்வுக்கு முன்பே நடந்தாக வேண்டும். தேதியைப் பஞ்சாங்கம் குறித்துவிடுவதால் தள்ளிப்போட வழியில்லை. குடிகளும் நிர்வாகமும் சமமாக அமரும் மேசைக்கு இதைவிட நல்ல சான்று இந்த வட்டாரத்தில் எனக்குத் தென்படவில்லை.

6. ஒப்புதல் என்னும் விதி

வீவக பேட்டைகளுக்கு ஒரு நல்ல விதி உண்டு. 2007-இல் அறிவிக்கப்பட்ட அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில், தகுதிபெற்ற குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரவளித்தால்தான் வேலை தொடங்கும். நகர மன்றம் கூட்டம் கூட்டி, வரைபடத்தைக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்த வேண்டும். கூரையிட்ட நடைபாதை எந்தப் பக்கம் போக வேண்டும், முதியோருக்கான இருக்கை எங்கே வேண்டும் என்று குடியிருப்பவர் சொல்ல இது இடம் தருகிறது.

இருபதடி தள்ளி, பாதுகாப்புப் பகுதியாகிய கடைவீட்டுத் தெருவில், குடியிருப்பவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் இத்தகைய விதி இல்லை. சேகோ லேன், பாண்டா ஸ்திரீட் புளோக்குகளில் வாழும் முதியவர் தம் மின்தூக்கி முன்னே குரல் உள்ளவர்; தாம் தினமும் சதுரங்கம் ஆடும் சதுக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றி அவர் கேட்கப்படலாம், கேட்கப்படாமலும் போகலாம். இந்த இடைவெளியை அடைக்கச் சட்டம் எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. சதுக்கத்தையும் ஸ்மித் ஸ்திரீட்டையும் தொடும் எந்தத் திட்டமும் வரைபட நிலையிலேயே நகர மன்றத்தின் முன் வர வேண்டும். சுற்றியுள்ள புளோக்குகளில் சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் அது ஒட்டப்பட வேண்டும். கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் காம்ப்ளெக்ஸ் அங்காடிக்காரர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் வேண்டும். ஜாலான் புசார் நகர மன்றம் இதைச் சைனாடவுனில் செய்து பார்த்தால், அதே ஆண்டில் தேக்காவிலும் செய்யலாம்.