சதிர்

ஒருவருடைய வாழ்வோடு விதி சதிராடியது என்றும், ஊருக்குள் புகுந்த வெள்ளம் சதிராடிவிட்டுப் போயிற்று என்றும் இக்காலத்துப் பத்திரிகைகள் எழுதும்போது, அந்த வினைச்சொல்லுக்குள் ஒரு தொழிலும், அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் கற்று வாழ்ந்த பெண்களின் பெருங்கூட்டமும் அடங்கியிருப்பதை எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கட்டுக்கடங்காத வெறியாட்டம் என்பதே அச்சொல்லுக்கு இப்போது எஞ்சியுள்ள பொருள். சதிர் என்று நம் பாட்டன்மார் வழங்கியதோ, கண்ணிமையின் அசைவும் தாளத்தின் ஆணைக்கு உட்பட்ட, இளமையிலேயே தொடங்கிப் பல ஆண்டு பயின்றாலன்றிக் கைவராத நிருத்தமும் அபிநயமுமாகும். பொருள் இவ்வளவு தலைகீழானதற்குச் சொல் பொறுப்பன்று. அதை ஆண்டவர்களுக்கு நேர்ந்த கதியே காரணம்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி இரு கொள்கைகள் உண்டு. மராத்தியில் ஒன்றை அவைமுன் சமர்ப்பித்தலைச் 'சாதர் கர்ணே' என்பர். பாரசீகத்திலிருந்து அம்மொழி ஏற்ற சொல் அது. தஞ்சையை 1855 வரை ஆண்ட மராத்திய மன்னர்களின் தர்பாரில் ஆடப்பெற்றமையால் ஆட்டத்துக்கே அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். சமர்த்தைக் குறிக்கும் சதுரம் என்னும் வடசொல்லின் வழியில் வந்து, ஆழ்வார் பாசுரங்களிலேயே திறமை என்ற பொருளில் நிற்கும் சதிரே இது என்பர் மற்றொரு சாரார். கச்சேரியைக் குறிக்கும் வழக்கு தஞ்சை அரண்மனையில் பிறந்திருக்கலாம். ஆனால் சாமர்த்தியம் என்னும் பழம்பொருள் தமிழ்ச் செவிகளில் முன்பே குடியிருந்தமையாலேயே வந்த சொல் இத்துணை எளிதில் வேரூன்றிற்று என்பது என் துணிபு.

சொல்லை விடப் பொருள் மிகப் பழையது. பாணரோடு ஊரூராகச் சென்று வேந்தர் அவையில் பாடியும் ஆடியும் பரிசில் பெற்ற விறலியைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. உள்ளத்து உணர்வு மெய்யிலே புலப்பட ஆடும் விறலுடையவள் என்பது உரையாசிரியர் வழிவந்த விளக்கம். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவி, தலைக்கோல் என்னும் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள் எனச் சிலம்பு கூறும். இதைக் கவியின் கற்பனையென்று ஒதுக்கிவிட இயலாதபடி, சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஆடல் மகளிர் தலைக்கோலி என்ற பட்டத்தோடு காட்சியளிக்கின்றனர்.

அக்கல்வெட்டுக்களுள் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்து வைத்ததை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. பல ஊர்த் தளிகளிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரிசை வரிசையாகக் குடியமர்த்தி, ஒவ்வொருத்தியின் பெயரையும், அவள் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதையும், அவளுக்கு உரிய மனையையும் கல்லிலே வெட்டுவித்திருக்கிறான் அவ்வரசன். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவளுக்கு அடுத்த உறவின் முறையார் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர்கள் யோக்கியர் அல்லராயின், யோக்கியரானவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும் என்பது விதி. உறவு உரிமை தருமேனும் கலையறிவின்றிக் காணியை உண்ண இயலாது என்னும் இந்த நிபந்தனையிலே, சதிர் என்ற சொல்லின் திறமைப் பொருள் முழுவதும் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பின்னர் வந்த நூற்றாண்டுகள் இப்பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக இழிவுபடுத்தின. கூத்தன் என்பது தில்லைப் பெருமானின் திருநாமமாக இன்றும் விளங்க, அதன் பெண்பாலாகிய கூத்தி வைப்பாட்டியைச் சுட்டும் வசையாயிற்று. தேவரடியார் என்ற பெருஞ்சொல்லுக்கு நேர்ந்ததை இங்கே எழுதவே கை கூசுகிறது.

தஞ்சை தர்பாரில், சரபோஜி மன்னரின் ஆதரவோடு, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் சதிரை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எனச் செப்பம் செய்தனர். நாகசுரக் குழு பெரிய மேளம் என்றும், நட்டுவனாரும் மத்தளக்காரரும் முகவீணைக்காரரும் ஆடுபவளின் பின்னே நின்று வாசிக்கும் குழு சின்ன மேளம் என்றும் வழங்கின. ஆடுபவளே பாடுவதும் சின்ன மேளத்தின் இயல்பு; பாடத் தெரியாதவள் பதம் பிடித்தல் அங்கே செல்லாது.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடியதும், ஆட்டத்தைக் காக்க இ. கிருஷ்ணய்யர் வாதாடியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. இருவர் நோக்கமும் நல்லதே. 1930-களில் சங்கீத வித்வத் சபை முதலிய மேடைகளில் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதோடு, கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. கலைக்குப் புதுப்பெயரும் புது மண்டபங்களும் கிடைத்தன. அதைக் காத்து வந்த குடும்பங்களுக்கு இராசராசன் வகுத்த காணியைப் போன்ற எதையும் எவரும் வகுக்கவில்லை. இந்த அநீதியை எவ்வளவு மென்மையாகச் சொல்ல முயன்றாலும் அநீதி என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் குடும்பங்களிலிருந்து புது மேடைக்கும் வந்து தலைநிமிர்ந்து நின்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தியாக 1918-இல் பிறந்து, நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். புதுப்பெயரை அவர் மறுக்கவில்லை; சின்ன மேளத்தின் உயிர்நாடியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பதத்திற்கு அபிநயிக்கையில் தாமே பாடினார். சிருங்காரத்தை விலக்கித்தான் நாட்டியத்தைத் தூய்மை செய்ய வேண்டும் என்றவர்களுக்கு எதிராக, அதுவே இக்கலையின் தலைமைச் சுவை என்று இறுதிவரை சாதித்தார். நாட்டியக்காரர் எவருக்கும் அதுவரை அளிக்கப்பெறாத சங்கீத கலாநிதி விருதை 1973-இல் அதே வித்வத் சபை அவருக்கு அளித்தது.

மண்டபங்கள் கைவிட்ட சொல், புதுக்கோட்டைச் சீமையின் விராலிமலையில் அழியாமல் இருந்தது. அம்மலை முருகன் கோயிலில் பணிசெய்த 32 பெண்களுள் ஒருவராக ஏழாம் வயதில் பொட்டுக்கட்டப்பெற்ற முத்துக்கண்ணம்மாள், அப்பணி ஒழிந்து, உடனாடியவர் ஒவ்வொருவராக மறைந்த பின்னும், தாம் ஆடுவதைச் சதிர் என்றே கூறி வந்தார். 2022-ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த நிலையில் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றபோது, சதிர்க் கலைஞர் என்ற பெயரோடுதான் நாளேடுகள் அவரை அறிமுகப்படுத்தின. காண வந்தவர்களுக்கு அம்மூதாட்டி ஆடிக்காட்டுகையில், பக்கத்தில் பாட்டுக்கென்று வேறொருவர் வேண்டியிருக்கவில்லை, பாட்டும் அவருடையதே.